ஒன்பதாவது பேர்

— தட்டாத. மேல தட்டினா ஓடறதுக்கு இந்தக் கம்ப்யூட்டரு உங்க அப்பாவோட ரேடியோ இல்ல.

— நேத்து தட்டினப்போ ஓடுச்சுலா.

— ஓடல. நேத்தும் பாதியிலதான் நின்னுச்சு, நீயேதான் சொன்ன. நவமணி, ஆறு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு, குளிக்காம தூங்காம நேரா ஜெலாப்பாங்லேர்ந்து வந்து உக்காந்திருக்கேன். ஒழுங்கா பதில் சொல்லு. எப்ப நிக்குது?

— ஆட்டம் நல்லாத்தான் ஆரம்பிக்குது. ஒவ்வொருத்தரா வந்து அடிக்கிறாங்க, ஓடறாங்க. திடீர்னு ஒரு சத்தம். கீய்ய்ய்னு. அப்புறம் எதைத் தட்டினாலும் அசையாது. சுவிட்சை அணைச்சுத்தான் திரும்பப் போடணும்.

— எத்தன தடவ பாத்த?

— பதினோரு தடவ.

— பதினோரு தடவ தோத்தவ, பன்னெண்டாவது தடவைக்கு என்னைக் கூப்பிட்டியா?

— இந்தா, வரதுக்கு இஷ்டமில்லன்னா வந்திருக்க வேணாம்.

— அது என்ன வந்ததுலேர்ந்து இந்தா, இந்தான்னுகிட்டு. நான் என்ன பஸ் கண்டக்டரா? அதுவும் நேத்து ஃபேக்டரிக்கு போன் போட்டு, கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகாகிட்ட என்ன சொல்லி வச்ச?

— நைட் ஷிப்ட்ல ஒல்லியா ஒருத்தரு இருப்பாரு, சிரிக்கவே மாட்டாரு, அவரைக் கொஞ்சம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கன்னேன்.

— அந்த ஆளு அதை அப்படியே உள்ள வந்து சத்தமாச் சொன்னாரு. நாலு பேரு எந்திரிச்சோம். அதுல ஒருத்தன் மலாய்க்காரன். ஏன், எனக்குப் பேரு இல்லியா?

— கடைசில சரியான ஆளுதானே வந்துச்சு.

— செரி விடு. அந்த டிஸ்கெட்ட எடு. ஓரத்தைப் புடி, நடுவுல தொடாத. இதை எங்க வச்சிருந்த?

— சாமி மேடைக்குக் கீழ. அங்கதான் யாரும் கை வைக்க மாட்டாங்க.

— அதான் திருநூறு வாசம் அடிக்குது. உள்ள தூள் போயிருந்தா படிக்காது. ஊதறேன், தள்ளி நில்லு.

— ஐயாவு, கோப்பி ஆறுது. குடிச்சிட்டு ஊது.

— வைங்க அத்தை, குடிக்கிறேன்.

— ராத்திரி பூரா அந்த மிசின்கூட நின்னுட்டு, காலைல இங்க வந்து இந்த மிசினுக்கு ஊதிக்கிட்டிருக்கான். உன் வீடு அந்தப் பக்கம் இருக்கு, பஸ்சு அந்தப் பக்கம் போவுது. நீ இந்தப் பக்கம் வர. அதான் கேக்குறேன், என்னதான் இருக்கு அந்தப் பொட்டிக்குள்ள?

— பந்தாட்டம்மா. அமெரிக்காக்காரன் ஆடறது.

— அமெரிக்காக்காரன் ஆட்டம் உனக்கெதுக்குடி?

— நம்ம தோட்டத்துல ரௌண்டர்ஸ் ஆடுவோம்ல, அதேதான். நாலு மூலையிலயும் நின்னு நின்னு ஓடணும். அவன் கொஞ்சம் பெருசாக்கி வேற பேரு வச்சிக்கிட்டான். எங்க மொதலாளி தௌக்கே மகன் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போறப்ப கம்ப்யூட்டரை ஆப்பிஸ்ல போட்டுட்டுப் போனான், தௌக்கே எனக்குக் குடுத்துட்டாரு, இந்த டிஸ்கெட்டும் அதோட வந்துச்சு. இதுல நம்மளே ஒரு டீம் செய்யலாம்மா. யாரு வேணும்னாலும் பேரு போடலாம். நம்ம ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்து ஆளுங்க எல்லாரையும் போட்டிருக்கேன்.

— எல்லாரையுமா? அவரைப் போட்டியா?

— எவரை?

— அவருதான்டி.

— அவருன்னா எவரும்மா? தோட்டத்துல நூறு அவரு இருந்தாங்க.

— சிரிக்காத. பாசாருக்கு மீன் வாங்கப் போயிருக்காரே, அவரு.

— அத்தை, அன்னைக்கு மாமாவை ஆஸ்பத்திரில சேக்கறப்ப நர்ஸ் இதையேதான் கேட்டுச்சு. ஆளு பேரு என்னம்மா, ஆளு பேரு என்னம்மான்னு. நீங்க என்னைப் பாக்கறீங்க, அது உங்களைப் பாக்குது. மாமா மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்காரு.

— அதான் உன்னைச் சொல்லச் சொன்னேன்ல.

— அது உங்களுக்குப் புருசன் பேரே தெரியலன்னு எழுதிக்கப் பாத்துச்சு.

— எழுதிக்கட்டும். இருபத்தாறு வருசமாச்சு கழுத்துல இது ஏறி. ஒரு நாளு சொன்னதில்ல.

— கோயில் பேரைக்கூடச் சொல்றதில்ல எங்கம்மா. தைப்பூசத்துக்கு எங்க போனீங்கன்னு பக்கத்து வீட்டுல கேட்டா, கோலாலம்பூர்ல அந்த மலைக்குங்கும். பத்துமலைன்னு சொன்னா அப்பாவைக் கூப்பிட்ட மாதிரி ஆயிடுமாம்.

— வாய் வராதுடி. அது உனக்கு வந்தாத்தான் தெரியும். போட்டியா இல்லியா, அதைச் சொல்லு.

— போட்டேன். மேனேஜர்னு தனியா ஒரு எடம் இருக்கு. அதுல அப்பாதான்.

— அப்ப சரி. ஐயாவு, ஞாயித்துக்கெழமைக்கு நாலு நாக்காலி வேணும்பா. உங்க வீட்டுல இருக்கே, அந்த இரும்பு நாக்காலி, அதைக் கொஞ்சம் கொண்டாந்து போட்டுடு.

— ஞாயித்துக்கெழமை என்ன அத்தை?

— இவ சொல்லலியா? கோப்பெங்லேர்ந்து இவளைப் பாக்க வராங்க. பையனுக்குப் பேங்குல வேலை. ஆறு பேரு வருவாங்க போல. கீழயா உக்கார வைக்கிறது? ஐயோ, அடுப்புல பருப்பு.

— சரி அத்தை. கொண்டாறேன்.

— இந்தா…

— என்ன பாக்குற? டிஸ்கெட்டக் குடு.

— சொல்லலாம்னுதான் இருந்தேன்.

— எனக்கெதுக்குச் சொல்லணும். நாக்காலி தூக்கறவன்கிட்ட முன்னாடியே சொன்னாப் போதும். பேங்கா?

— பேங்கு.

— மோட்டார் சைக்கிள் இருக்கா?

— காரு.

— நல்லது. இப்ப பாரு. இது அமெரிக்காக்காரன் டீமு, டிஸ்கெட்டோட வந்தது. இதை ஓட விடறேன். சத்தம் வருதான்னு கேளு.

— அதெல்லாம் நல்லா ஓடும். நான் பாத்துட்டேன்.

— அதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஊதியிருக்க மாட்டேன். அப்ப டிஸ்கெட்டு நல்லா இருக்கு, டிரைவ் நல்லா இருக்கு. கோளாறு நீ செஞ்ச டீமுலதான். எப்படிச் செஞ்ச?

— அது கேக்கும். பேரு என்ன, எந்தக் கை, அடிக்கிறதுக்கு எத்தன மார்க்கு, ஓடறதுக்கு எத்தன, எறியறதுக்கு எத்தன. ஒண்ணுலேர்ந்து தொண்ணூத்தொம்பது வரைக்கும் போடலாம். நெறைஞ்சதும் அடுத்த ஆளுக்குப் போயிடும்.

— நூறு போட்டியா யாருக்காவது?

— மாயாண்டி அண்ணனுக்குப் போட்டுப் பாத்தேன். வாங்கல.

— கெட்டிக்காரப் பொட்டி. செரி, ஒவ்வொண்ணாத் தொறக்கறேன். மாயாண்டி. அடிக்கிறது தொண்ணூத்தஞ்சு, ஓடறது மூணு. மூணா?

— அவரு ஓடி நீ பாத்திருக்கியா? அடிச்சிட்டு நின்னு பந்து எங்க போவுதுன்னு வேடிக்கை பாப்பாரு.

— ரெண்டு, ராக்காயி. இது யாரு, மேட்டு லயத்து வரிசை வீட்டு ராக்காயியா? அது ஆடுமா?

— அலாமாக், மறந்து போச்சா? பாலு வாளியைக் கீழ வச்சிட்டுப் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வரும். பந்து அது கைக்குள்ள போனா அப்புறம் வெளிய வராது. அதான் பின்னாடி நின்னு புடிக்கிற எடத்துல போட்டேன்.

— பிச்சைமுத்து, எடது கை. சரி. அவன் பால் மரம் வெட்டறதுக்கே தனியாக் கத்தி வச்சிருந்தான். இப்ப எங்க இருக்கான்?

— ஜொகூர்ல லாரி ஓட்டுறானாம். நாலாவதா இருக்கற மாரியம்மா கிள்ளான்ல. மங்களம் அக்கா தையல் ஃபேக்டரி. தோட்டத்தை வித்தன்னைக்கே எல்லாம் ஆளுக்கொரு பக்கமாப் போயிட்டாங்கலா. இங்கயாவது ஒரே எடத்துல நிக்கட்டும்னுதான் போட்டேன்.

— அஞ்சு ராஜு, ஆறு உடையப்பன். உடையப்பனுக்கு என்ன எல்லாத்துலயும் அம்பது போட்டிருக்க?

— அவன் ஆடினதைவிடச் சண்டை போட்டதுதான் ஜாஸ்தி. அதுக்கு மார்க்கு போட எடமில்ல.

— ஏழு மங்களம். எட்டு நவமணி. அடேங்கப்பா. அடிக்கிறது தொண்ணூறு, ஓடறது தொண்ணூறு, எறியறது தொண்ணூறு.

— என் டீமு. நான் போட்டுக்கிட்டேன்.

— ரெண்டாவது மூலைக்கு ஓடறதுக்குள்ள உக்காந்துடுவ நீ. அதுவும் மத்தவங்க முகத்தைப் பாத்து, அதை இதைச் சொல்லி, திரும்ப அடிக்க விடச் சொல்லுவ.

— விட்டீங்கல்ல?

— விட்டோம். செரி, ஒம்பது. இரு. இது என்ன?

— என்ன?

— பேரே இல்ல.

— ம்.

— பேரு இருக்க வேண்டிய எடம் காலியா இருக்கு. கீழ மத்ததெல்லாம் போட்டிருக்க. வலது கை. எறியறது தொண்ணூத்தொம்பது. ஓடறது நாப்பது. அடிக்கிறது ஏழு. இதான் கோளாறு. எட்டு ஆளு வரைக்கும் பேரைக் கூப்பிட்டுக்கிட்டே வருது. ஒம்பதாவது ஆளைக் கூப்பிடப் பாக்குது, பேரு இல்ல. தேடுது, கிடைக்கல. கத்திட்டு நிக்குது. பேரு இல்லாம எப்படி உன்னை அடுத்ததுக்குப் போக விட்டுச்சு?

— அந்த நீளக் கட்டை இருக்குல்ல, எடம் விடறது, அதைத் தட்டினேன். வாங்கிக்கிச்சு.

— அதைப் போட்டு ஏமாத்தியிருக்க. யாரு இது?

— நீயே சொல்லு.

— தொண்ணூத்தொம்பது எறிஞ்சு ஏழு அடிக்கிறவன் நம்ம தோட்டத்துல ஒருத்தன்தான் இருந்தான்.

— ஒரு தடவ அடிச்சான். அது போயி கணக்குப்புள்ள கிராணி வீட்டுக் கோழி மேல பட்டுச்சு. ஒட்டுப்பால் ரப்பரைச் சுத்திச் செஞ்ச பந்து, கல்லு மாதிரி இருக்கும். அந்தக் கோழி ரெண்டு நாளு நொண்டிச்சு.

— பேச்சை மாத்தாத. இது நான்தானே?

— மார்க்கு பாத்தாத் தெரியலியா.

— மார்க்கு தெரியுது. பேரு எங்க? எல்லாருக்கும் போட்டிருக்க. ஜொகூர்ல இருக்கறவனுக்குப் போட்டிருக்க, கிள்ளான்ல இருக்கறவளுக்குப் போட்டிருக்க. வாரத்துல அஞ்சு நாளு இந்த வீட்டுல கோப்பி குடிக்கிறவனுக்கு எடம் விடற கட்டையா?

— அப்படி இல்ல.

— வேற எப்படி? இங்கிலீசுல ஆறே எழுத்துலா. உனக்கு டைப்பிங் தெரியும், ஆப்பிஸ்ல நாள் முழுக்க அதைத்தான் செய்யற.

— கோபப்படாம இருந்தா நான் ஒண்ணு சொல்லலாம்.

— கோபம் இல்ல. காலையில பெரட்டுல எல்லாரையும் வரிசையா நிக்க வச்சிக் கிராணி பேரு கூப்பிடுவாரு, ஞாபகம் இருக்கா? எங்கப்பா ஒரு நாளு அஞ்சு நிமிசம் லேட்டு. கிராணி அவரு பேரைத் தாண்டிப் போயிட்டாரு. கண்ணு முன்னாடி நிக்கிறாரு எங்கப்பா. அன்னைக்கு வேலை இல்ல. சாயங்காலம் வரைக்கும் லயத்துல செவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. இப்ப நீ அதைத்தான் செஞ்சிருக்க. நான் முன்னாடி நிக்கிறேன், நீ தாண்டிப் போற.

— தாண்டிப் போயிருந்தா எனக்கு அடுத்த எடத்துல ஏன் வைக்கிறேன்? எட்டு நான். ஒம்பது யாரு? அதை யோசிச்சியா?

— நான் நைட் ஷிப்ட்காரன். பகல்ல மூளை வேலை செய்யாது. செரி விடு, எனக்கு வெளங்குது. ஞாயித்துக்கெழமை பேங்குக்காரன் வரான். அதுக்கு முன்னாடி தேவையில்லாத பேரெல்லாம் அழிக்கணும். செஞ்சது சரிதான். ஆனா அழிச்சிட்டு, அதைச் சரி பண்ணவும் என்னையே கூப்பிட்ட பாரு.

— நான் எதையும் அழிக்கல. அங்க எப்பவுமே எழுதினதில்ல.

— அது இன்னும் நல்லா இருக்கு.

— அலாமாக், சூசாலா, பெரிய தொல்லை இந்த ஆளோட.

— அப்ப அடி. பொட்டி முன்னாடி வந்து உக்காரு. ஆறு எழுத்து அடிச்சா உன் பொட்டி ஓடும், நான் வீட்டுக்குப் போயித் தூங்குவேன்.

— நான் அடிக்கல.

— சொல்லு, நான் அடிக்கிறேன்.

— சொல்லவும் மாட்டேன்.

— நேத்து ஜாகாகிட்டயும் சொல்லல.

— ஆமா. சொல்லல.

— எனக்குப் புரியல நவமணி. சின்னப் புள்ளைலேர்ந்து, லயத்து அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடி வரைக்கும் கேக்கற மாதிரி டேய் ஐயாவு, டேய் ஐயாவுன்னு கத்தினவ நீ. எங்கம்மாகூட அந்த அளவுக்கு என்னைக் கூப்பிட்டதில்ல.

— அப்ப கத்தினேன்.

— இப்ப என்ன ஆச்சு?

— ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்தப் பொட்டி ஓடணும். அவ்வளவுதான். அதுக்கப்புறம் எதையாவது சாக்கு வச்சி வீட்டுக்கு வரச் சொல்ல முடியாது. பதினோரு தடவ நின்னப்பவும் எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும். அதை நீ பாக்கணும்னுதான் கூப்பிட்டேன். படிச்ச ஆளு, கண்டுபிடிச்சிடுவன்னு நெனச்சேன்.

— பாதில விட்ட படிப்பு. அதை வச்சி அந்த ஃபேக்டரில ராத்திரி பூரா கம்ப்யூட்டர் சில்லு எண்ணிக்கிட்டிருக்கேன். காரு வச்சிருக்கறவன் வரப்ப நான் என்ன கண்டுபிடிக்கணும்? இதைக் கேட்டுக்க. கமுந்திங்ல புதுசா ஒரு பிராஞ்ச் தொறக்கறாங்க. அங்க போறதுக்குப் பேரு குடுத்திருக்கேன். திங்கக்கெழமையிலேர்ந்து. அந்த லிஸ்ட்லயாவது என் பேரு இருக்கு.

— கமுந்திங்கா?

— தங்கறதுக்கு ஹாஸ்டல் இருக்கு. தினம் போயிட்டு வர முடியாது.

— எப்ப குடுத்த?

— போன வாரம். பாசார்ல உங்கப்பாவைப் பாத்தேன். கோப்பெங் கதையச் சொன்னாரு. அன்னைக்கே குடுத்துட்டேன்.

— அப்ப கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி அம்மாகிட்ட, ஞாயித்துக்கெழமை என்ன அத்தைன்னு கேட்டது?

— உன் வாயால கேக்கலாம்னு பாத்தேன். நீ சொல்லல.

— ரெண்டு பேரும் ஏண்டி சத்தம் போடறீங்க? அதான் கேக்குறேன், பொட்டி செத்துப் போச்சா?

— இல்ல அத்தை. கண்டுபிடிச்சாச்சு. ஒம்பது பேரு வேணும், உங்க பொண்ணு எட்டுப் பேருக்குத்தான் பேரு போட்டிருக்கா. ஒம்பதாவது நான். என் பேரைப் போட மாட்டேங்கிறா.

— போடேண்டி. என்ன கொறைஞ்சிடப் போவுது? உன்னைத்தான். அவன் ராத்திரி பூரா தூங்கல. அவன் பேரைப் போட்டு அனுப்பி வை.

— அடிக்க மாட்டேங்கிறா, சொல்லவும் மாட்டேங்கிறா அத்தை. நேத்து ஃபேக்டரி ஜாகா பேரைக் கேட்டிருக்காரு. அவருகிட்டயும் சொல்லல. சிரிக்காத ஆளுன்னு அடையாளம் சொல்லியிருக்கா.

— ஜாகாகிட்டயும் சொல்லலியா?

— சொல்லல.

— நவமணி. இங்க பாரு. தலையத் தூக்கு. எத்தன நாளா?

— அம்மா, பருப்பு கருகுது.

— கருகட்டும். எத்தன நாளாடி உனக்கு வாய் வரல?

— தைப்பூசத்துலேர்ந்து.

— அந்த மலையிலயா?

— படி ஏறறப்ப இவங்க கூட்டத்துல காணாமப் போயிட்டாங்க. கூப்பிடலாம்னு வாயத் தொறந்தேன். வரலம்மா.

— எட்டு மாசம். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், இவனுக்குச் சோறு போட்டுட்டு வந்து, பேரைச் சொல்லாம 'அங்க குடும்மா, இங்க குடும்மா'ங்கிற. திமிருன்னு நெனச்சேன். பொறவு ஏண்டி கோப்பெங்காரங்களுக்கு சரின்னு தலையாட்டின?

— வேற என்ன செய்யச் சொல்ற? இவங்க ஒரு வார்த்தை கேக்கல. நானா போயிச் சொல்ல முடியுமா?

— நைட் ஷிப்ட் அத்தை. பாதிப் படிப்பு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கறது?

— தினம் காலைல கழுவாம கொண்டாந்து காட்டறியே, அதே மூஞ்சிய வச்சித்தான். உன் ஷிப்ட்டும் உன் படிப்பும் எனக்குத் தெரியாததா? அவருக்கு மூச்சு வாங்கினப்ப முதுகுல தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடினவன் எந்தப் பேங்குலேர்ந்து வந்தான்? அவரே எப்பவோ கேட்டாரு, இந்தப் பையன் ஏன் வாயே தொறக்க மாட்டேங்கிறான்னு. நான்தான் சும்மா இருங்கன்னேன். இப்பக் கேளு. எனக்கு முன்னாடி கேளு.

— நவமணி.

— ம்.

— கமுந்திங் லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடவா?

— எடுத்துடுங்க.

— ங்கவா?

— ஆமா.

— இதானா கேக்குற லட்சணம்? சரி, போதும். கோப்பெங்குக்கு நான் போன் போட்டுக்கறேன், பழி எனக்கு வரட்டும். ஞாயித்துக்கெழமைக்கு அந்த நாக்காலியக் கொண்டாந்துடணும். உங்க அப்பாவும் அம்மாவும் வந்து உக்காரட்டும்.

— சரி அத்தை. அப்ப இந்த ஒம்பதாவது எடத்துல பேரை யாரு அடிக்கிறது?

— நீங்களே அடிச்சிக்கிங்க, மாப்ள. இந்த வீட்டுல இனிமே அந்தப் பேரைச் சொல்றதுக்கு உங்க மாமா ஒருத்தருதான்.